இரட்டைச் சமக்குறி

நிகேதனை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது பொய். முதல் நாள் நானும் கைதட்டினேன்.

சாத்தூரில் வெயில் ஐம்பத்தொரு டிகிரியைத் தொட்ட மூன்றாவது வருஷம் அது. கத்திரி இருபத்தைந்து நாளும் வெளியே கிடந்தால் ஆள் பிழைப்பது அரிது என்றாகிவிட்ட பிறகு, அரசாங்கம் மாவட்டம் முழுக்கப் பூமிக்கடியில் குளிர்க் கூடங்களைக் கட்டியது. வசதியுள்ளவர்கள் வீட்டுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்துகொள்வார்கள். மற்றவர்களுக்குக் கூடம். ஆளுக்கு ஒரு படுக்கை, இரண்டு வேளைச் சோறு, பத்து லிட்டர் தண்ணீர். யார் யாருக்குப் படுக்கை என்ற பட்டியலைத் தயாரிப்பது எங்கள் வெயில் காப்பு இயக்ககம். நான் தமயந்தி. அங்கே சரிபார்ப்பாளர். இருபத்தாறு வருஷமாக, பிறர் எழுதும் கணினி நிரல்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். படித்துப் பார்த்து என்பதை நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

நிகேதன் சென்னையிலிருந்து வந்தவன். முப்பத்தொரு வயது. மடிப்புக் கலையாத சட்டை. தான் எழுதிய நிரலைக் காட்டும்போது குழந்தையின் போட்டோவைக் காட்டுகிறவன்போலக் குழைவான். அன்றைக்கு மாநாட்டு அறையில் எங்கள் பன்னிரண்டு பேருக்கு நடுவே நின்று கேட்டான்.

"கூட்டல் குறி யாருக்குச் சொந்தம்?"

மேஜையில் காரச்சேவு இருந்தது. எல்லார் வாயும் நிறைந்திருந்தது.

"எண்ணுக்கு மட்டுமா? ரெண்டு எண்ணுக்கு நடுவுல போட்டா கூட்டுது. ரெண்டு வார்த்தைக்கு நடுவுல போட்டா ஒட்ட வைக்குது. ரெண்டு தேதிக்கு நடுவுல கழித்தல் போட்டா இத்தனை நாள்னு சொல்லுது. குறி பழசுதான். எந்த வகைத் தரவுக்கு நடுவுல நிக்குதோ, அதுக்குத் தகுந்த வேலையைச் செய்யுது. அந்த வேலை என்னன்னு நாமளே எழுதிக் கொடுக்கலாம். சரி, ரெண்டு மனுஷங்களுக்கு நடுவுல சமக்குறி போட்டா என்ன வரணும்?"

"பிரமாதம்" என்றார் இயக்குநர் சௌந்தரபாண்டியன். கேள்விக்கே பிரமாதம் சொல்லக்கூடிய மனிதர் அவர். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

நிகேதன் விளக்கினான். அதுவரை நிரலில் இரட்டைச் சமக்குறி போட்டால் இரண்டு அடையாள அட்டை எண்கள் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஒரே ஆள் இரண்டு பெயரில் இரண்டு அட்டை வாங்கி, ஒரு படுக்கையில் படுத்துக்கொண்டு இன்னொன்றை விற்றால் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் அவன் 'நபர்' என்று புதிய தரவு வகை ஒன்றை உண்டாக்கியிருந்தான். உயரம், எடை, நாடித் துடிப்பு, மூச்சின் அளவு, கைரேகை, படிப்பு, வருமானம் என்று ஆளுக்கு நாற்பத்து மூன்று விவரங்கள். அந்த வகைக்கென்று சமக்குறிக்குப் புது அர்த்தம் எழுதியிருந்தான்.

"ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள வித்தியாசம், அளக்கும்போது சாதாரணமா வர்ற பிழைக்குள்ள அடங்கிட்டா, புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லைன்னா ஒரே ஆள். அட்டை ரெண்டு, ஆள் ஒண்ணு. அவ்வளவுதான்."

வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல. கல்லூரியில் முதல் மாதமே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும். வாயைத் திறந்தேனா? இன்னும் கொஞ்சம் சேவு எடுத்துக்கொண்டேன்.

"பழைய நிரல்ல ஒரு வரியைக்கூட நான் தொடலை" என்றான். "ஒண்ணுபோல இருக்கறதைக் கழிச்சுக் கட்டற பழைய கட்டளை உள்ளுக்குள்ள இந்தச் சமக்குறியைத்தான் கூப்பிடுது. குறியை மாத்தினேன், கட்டளை தானா மாறிடுச்சு. மூவாயிரத்து நூத்திப் பதினாலு போலிப் பதிவு அப்படியே உதிர்ந்துடுச்சு. அழகா இல்லை?"

கைதட்டினோம். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் அலுவலகப் புகார்க் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த அன்று இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். ஆனால் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவே நான்கு பேர் நிற்கலாம், அவ்வளவு தள்ளி நின்றார்கள். இருவருக்கும் நாற்பத்தாறு வயது. இருவருக்கும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள், இருவரும் ஒரே காய்ச்சலில் புருஷனை இழந்தவர்கள். முன்னால் நின்றவள் அட்டையை நீட்டினாள்.

"எம் பேரு அழகுத்தாய். பட்டியல்ல பேரு இல்லைன்னுட்டாக. போன வருசம் இருந்துச்சு."

எடுத்துப் பார்த்தேன். 'சீனியம்மாள் என்பவரின் மறுபதிவு. நீக்கப்பட்டது' என்றிருந்தது.

"சீனியம்மாள் யாரு?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை விரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். "அந்தா நிக்கிறாள்ல, அவதான். எம் ஓரகத்தி. அவளையும் வரச் சொன்னாகன்னு வந்து நிக்கிறா."

"நீங்களும் அவங்களும் ஒரே ஆள்னு வந்திருக்கும்மா."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் விருட்டென்று கவுண்டருக்கு வந்துவிட்டாள்.

"என்னது? நானும் இவளுமா? உங்க மிசினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? பன்னெண்டு வருசமா ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரியுது. இவ வைக்கிற குழம்பை நாய்கூட மோந்து பாக்காது."

"இவ மட்டும் என்னவாம்? பச்சத் தண்ணியக்கூடத் தீய விடுறவ" என்றாள் அழகுத்தாய், அவளிடம் அல்ல, என்னிடம். "இவளும் நானும் ஒண்ணுன்னு எழுதுன ஆளை எங்கிட்டக் காட்டுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

அந்த ஆள் மாடியில் இருந்தான். அவன் எழுதியதைச் சரி என்று சொன்ன நான் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

இருவருடைய விவரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். உயரம், எடை, வயது, தொழில், முகவரி, மூச்சின் அளவு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே வீடு, ஒரே ரேஷன் அரிசி, ஒரே மருந்துப் புகை. வேறு எப்படி இருக்கும்? கைரேகைக் கட்டம் இரண்டு பேருக்கும் காலி. மருந்தில் கை வைத்து வைத்து இந்த ஊர்ப் பெண்களுக்கு ரேகை தேய்ந்து எத்தனையோ காலமாகிறது. படிப்புச் சான்று காலி. ரத்தப் பரிசோதனை காலி. நாற்பத்து மூன்றில் பதினொன்று மட்டுமே நிரம்பியிருந்தது. மிச்சமெல்லாம் காலி. அப்போதுதான் நிகேதனின் நிரலைத் திறந்து உண்மையாகவே படித்தேன்.

மாடிக்குப் போனேன்.

"ரெண்டு பக்கமும் விவரம் இல்லைன்னா என்ன போட்டிருக்கீங்க?"

"வித்தியாசம் பூஜ்யம், மேடம். தகவல் இல்லாதப்ப வித்தியாசம் இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"இல்லைன்னு மட்டும் சொல்லலாமோ? அப்ப யாரைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாதோ, அவங்கள்லாம் ஒரே ஆளு. அப்படித்தானே?"

"அது எட்ஜ் கேஸ், மேடம். எப்பவாவது வர்ற விதிவிலக்கு."

"மூவாயிரத்து நூத்திப் பதினாலு பேர் எட்ஜ் கேஸா? உங்க வரிசையில எத்தனை கட்டம் நிரம்பியிருக்கு?"

"எனக்கா? நாப்பத்து மூணும்."

எனக்கும் அப்படியே. இயக்குநருக்கும் அப்படியே. வருஷத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுத்து, கடன் வாங்கி, சான்றிதழ் வாங்கி, எங்கள் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி வைத்திருந்தோம். இந்தச் சமக்குறியின்படி எங்களுக்கு நிகராக உலகத்தில் ஒருவரும் இல்லை. இதைக் கேட்டால் சௌந்தரபாண்டியன் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது.

அவரிடமும் போனேன். நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புரிந்துகொள்வதற்காக அல்ல, அவருக்கு மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.

"பட்டியல் அரசிதழ்ல வந்தாச்சும்மா. மூவாயிரம் போலியைப் பிடிச்சோம்னு மந்திரி மேடையில பேசியாச்சு. இப்பப் போயி, அதுல முக்காவாசி நிஜ ஆளுன்னு சொல்லச் சொல்றீங்களா? அதோட, சரிபார்த்தவர்னு யார் கையெழுத்து இருக்கு?"

"என் கையெழுத்து சார்."

"அப்புறம் என்ன" என்றார், வெகு பிரியமாக.

திரும்பி வந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம், கூடத்தின் கதவுக்கான நிரலைத் திறந்து பார்த்தது. வாசலில் நிற்கும் ஆளை அளந்து, பட்டியலில் உள்ள ஆளோடு ஒப்பிட்டுக் கதவைத் திறக்கும் நிரல் அது. அங்கேயும் அதே 'நபர்' வகை. அதே சமக்குறி. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதற்கும் அதுவே.

அழகுத்தாயைத் தனியே கூப்பிட்டேன்.

"கத்திரி ஆரம்பிக்கற அன்னிக்கு சீனியம்மாள் உள்ள போகட்டும். பத்து நிமிஷம் கழிச்சு நீங்க போய் நில்லுங்க. கதவு திறக்கும்."

"எம் பேரே இல்லைங்கிறீக. எப்படித் திறக்கும்?"

"உங்களை அவங்கன்னு நினைச்சுக்கும். உள்ள எண்ணிப் பார்த்தாலும் ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணுன்னுதான் எண்ணும்."

அழகுத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ பேருல நான் உசிரு பொழைக்கணும். அதுக்கு நீங்க படிச்சிருக்கீக."

ஆனால் போனாள். கதவு திறந்தது. மறுநாளே சேதி ஊர் ஊராகப் பரவிவிட்டது. நீக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்களுக்குச் 'சமமானவர்' உள்ளே போன பின் வாசலில் நின்றார்கள். யாரையும் கதவு தடுக்கவில்லை. எண்ணிக்கைப் பலகையில் ஓர் எண்கூட ஏறவில்லை.

ஐந்தாம் நாள் சாத்தூர்க் கூடத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே கட்டில். நடுவே ஒரு பழைய சேலையைச் சுருட்டிப் போட்டு எல்லை கட்டியிருந்தார்கள். சீனியம்மாள் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, தட்டைக் காலால் தள்ளாத குறையாக அந்தப் பக்கம் நகர்த்தினாள். அழகுத்தாய் அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துச் சாப்பிட்டாள். அந்த ஒரு கூடத்தில் மட்டும் முந்நூறு கட்டிலில் கிட்டத்தட்ட முப்பது கட்டிலில் இப்படி இருவர். சோறு எண்ணிக்கைக்குத்தான் வந்தது. பட்டினி இருவருக்கும் பாதிப் பாதி.

பாதி வயிறு தாங்காமல் சிலர் இரண்டாம் தட்டுக்கும் வரிசையில் நின்றதில், பத்தாம் நாள் வில்லங்கம் வந்தது. சமையல் ஒப்பந்தக்காரர் புகார் எழுதினார். பலகையில் உள்ள எண்ணிக்கைக்கு அளந்து தரும் தண்ணீர் மதியமே தீர்கிறது, சோறு கடைசி வரிசைக்கு எட்டவில்லை, தன்மேல் திருட்டுப் பழி விழுகிறது என்று. கூடுதல் ஆட்சியர் திலகராணி தலைமையில் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் நிகேதன் என் அறைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தப்பு என்மேலதான் மேடம். கதவுக்கும் அதே குறிதான் ஓடுதுன்னு நான் கவனிக்கலை. ஆனா ஒரே வரியில சரி பண்ணிடலாம். கதவு மட்டும் பழையபடி அட்டை எண்ணைப் பார்க்கட்டும். அரை மணி நேர வேலை."

"பண்ணினா, உள்ள இருக்கற மூவாயிரம் பேரு?"

"அவங்க பட்டியல்லயே இல்லையே மேடம்."

அயோக்கியனாக இருந்திருந்தால் அவனைச் சகித்திருப்பேன். அவன் நேர்மையானவன். செய்த பிழையை மனதார ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தி, மூவாயிரம் பேரை ஐம்பத்தொரு டிகிரியில் நிறுத்திவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போகக்கூடிய நேர்மை. என் இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு அருவருப்பான எதையும் நான் பார்த்ததில்லை, கண்ணாடி தவிர.

"நாளைக்கு நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றேன். "நான் பேசிக்கறேன்."

நான் பேசினேன். நாக்கூசாமல் பேசினேன். சமக்குறியில் எந்தப் பிழையும் இல்லை, பிழை இருப்பது சமையல்காரர்களின் கரண்டியில் என்றேன்.

"பிழைன்னு இந்தக் குழு எழுதினா, நீக்கின மூவாயிரம் பேருக்கும் யார் பொறுப்புன்னும் எழுதணும்" என்றேன்.

மேஜையைச் சுற்றியிருந்த ஏழு பேரும் தத்தம் பேனாவைப் பார்த்தார்கள். திலகராணி மட்டும் என்னைப் பார்த்தார்.

"வாய் வார்த்தை வேண்டாம். நீக்கின பதிவுல ஒண்ணை எடுங்க. ஆளை நேர்ல கூப்பிடுங்க. ரெண்டு பேரு வந்தா நிரல் தப்பு. ஒருத்தர் வந்து ரெண்டு அட்டையும் என்னோடதுன்னு ஒத்துக்கிட்டா நிரல் சரி."

ஒரே ஒரு மாதிரி. அதை வைத்து மூவாயிரம் பேரின் கதையை முடிவு செய்யப் போகிறார்கள். புள்ளியியல் படித்த எவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் மாதிரி எடுப்பது என் வேலை என்பதால் நான் சிரிக்கவில்லை. குலுக்கிப் போட்டு எடுப்பதுபோலப் பாவனை செய்து, எனக்கு வேண்டியதை எடுத்தேன்.

கூடத்துக்குப் போய் இருவரிடமும் சொன்னேன். சீனியம்மாள் மட்டும் வர வேண்டும். இரண்டு அட்டையும் தன்னுடையவை, அழகுத்தாய் என்பது பொய்ப் பெயர் என்று சொல்ல வேண்டும்.

"பொய்ப் பேரை என்ன செய்வாக?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"ரேஷன், சம்பளப் பட்டியல், எல்லாத்துலருந்தும் அடிச்சிருவாங்க. அது ஏற்கெனவே அடிபட்ட பேருதானே. ஒரு பேரு மிஞ்சினா போதும். ரெண்டு பேருக்கும் கதவு திறக்கும், மத்தவங்களுக்கும் திறக்கும்."

அழகுத்தாய் கட்டிலில் தன் பாதியில் உட்கார்ந்து, கையில் இருந்த போனில் யாருடைய படத்தையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் அதை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள்.

மறுநாள் பத்தரைக்கு வந்தாள். திலகராணி இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்தார்.

"ரெண்டும் உங்களோடதா?"

"ஆமாங்கம்மா."

"ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு அட்டை?"

"ஆசைதாங்கம்மா. வேறென்ன. ஏழை புத்தி."

மேஜையைச் சுற்றி மெல்லிய சிரிப்பு. அந்தப் பதில் அவர்களுக்கு இனித்தது.

"இதுல எது உங்க உண்மையான பேரு?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அழகுத்தாய்ங்கம்மா. இந்த சீனியம்மாள்ங்கிறது சும்மா எழுதிக் குடுத்த பேரு. அப்படி ஒரு ஆளு கெடையாது. அடிச்சிருங்க."

திலகராணி சிவப்புப் பேனாவை எடுத்தார். சீனியம்மாள்மேல் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் அழகுத்தாய் என்று எழுதினார். நாற்பத்தாறு வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்தது.

தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? தொழிற்சாலையில உங்க பேரு போச்சு. ரேஷன் போச்சு. வீட்டுல உங்க பங்குகூட இனி உங்களுக்கு இல்லை. நான் சொன்னது என்ன, நீங்க சொன்னது என்ன?"

"அவ மக மதுரையில நர்சுக்குப் படிக்குது" என்றாள் சீனியம்மாள். "ஆஸ்டலு, உதவித்தொகை அம்புட்டும் ஆத்தா பேருல வருது. ஆத்தாங்கிறவளே பொய்யின்னு எழுதிப்புட்டா அந்தப் புள்ளை எங்கிட்டுப் போகும்? எனக்கென்ன, புள்ளையா குட்டியா? இம்புட்டுப் படிச்சவுக, இது தோணலையா உங்களுக்கு?"

தோன்றவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிய கட்டம் எங்கள் நாற்பத்து மூன்றில் இல்லை.

"அழகுத்தாய்க்குத் தெரியுமா, நீங்க இப்படிச் சொல்லப் போறீங்கன்னு?"

"அவகிட்ட நான் எதுக்குப் பேசப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனாள். கதவு அவளுக்குத் திறந்தது. அழகுத்தாய்க்கு அவள் சமம் என்பதில் நிரலுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நிகேதன் அன்று மாலையே அறிக்கை எழுதினான். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. பரிசோதித்த மாதிரியில் நிரலின் துல்லியம் நூறு சதவீதம் என்று எழுதியிருந்தான். பொய் இல்லை. ஒன்றுக்கு ஒன்று சரியாக இருந்தது. சம்பந்தப்பட்டவரே நேரில் ஒத்துக்கொண்டதாகவும் சேர்த்திருந்தான். சௌந்தரபாண்டியன் பிரமாதம் என்றார்.

இரண்டு நாளில் தலைநகரிலிருந்து கோப்பு வந்தது. ஜூன் முதல் மாநிலத்தின் எல்லாப் பட்டியல்களுக்கும் இதே சமக்குறி. ரேஷன், முதியோர் உதவி, மருத்துவக் காப்பீடு, வாக்காளர் பெயர் எல்லாம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை அச்சடித்தே அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் போட மறுத்தால் விசாரணையை மீண்டும் திறப்பார்கள். திறந்தால் அன்றைக்கே கதவு பழைய நிரலுக்கு மாறும், மூவாயிரம் பேரும் வெயிலில் நிற்பார்கள்.

பாதிக் கட்டங்களுக்கு மேல் காலியாக உள்ளவர்கள் மாநிலத்தில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தேன். நாற்பது லட்சத்துச் சொச்சம் என்று திரை சொன்னது. வெளியே நிழலில் நாற்பத்தொன்பது டிகிரி. கத்திரி முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.